திடத் தளமும் தூய வளர்ப்பும்: நுண்ணுயிரியல் ஒரு துறையாக உருவான வரலாறு

நுண்ணுயிரியலின் வரலாற்றை நம் பாடநூல்கள் பெயர்களின் வரிசையாகவே சொல்லி வருகின்றன. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக் 1676-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் தண்ணீரில் நெளியும் சிற்றுயிர்களை விவரித்தார். பாஸ்டர் அன்னக்கழுத்துக் குடுவையைக் கொண்டு தான்தோன்றிக் கொள்கையை வீழ்த்தினார். கோக் இன்ன நோய்க்கு இன்ன கிருமி என்று நிறுவினார். இந்த வரிசையில் ஒரு கேள்வி அடிபட்டுப் போகிறது. லேவன்ஹூக்கின் கடிதத்துக்கும் கோக் வெளியிட்ட அடைப்பான் நோய் ஆய்வுக்கும் (1876) இடையே 200 ஆண்டுகள் கழிந்தன. கண்ணுக்குத் தெரிந்துவிட்ட உயிர்கள் ஓர் அறிவியல் துறைக்குரிய பொருளாக ஏன் இத்தனை காலம் பிடித்தது?

நல்ல வில்லைகள் இல்லை என்பது வழக்கமான விடை. அது பாதி உண்மைதான். நிறப்பிறழ்ச்சியும் உருமங்கலும் குறைந்த நுண்ணோக்கிகளுக்கு வழிகாட்டிய ஜோசப் ஜாக்சன் லிஸ்டரின் கட்டுரை 1830-இலேயே வெளிவந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு பாக்டீரியாக்களைப் பற்றிய அறிவு குழப்பத்திலேயே கிடந்தது. கிருமிகளைத் தெளிவாகக் காண வழி பிறந்த பிறகும், ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்து வளர்க்க வழியில்லை என்பதே உண்மையான தடை என்று இக்கட்டுரை வாதிடுகிறது. அந்தத் தடையை உடைத்தது கருத்து அன்று, ஒரு பொருள்: கிருமியை ஓரிடத்தில் நிற்க வைக்கும் திடமான தளம்.

திரவத்தில் வளர்ப்பதன் சிக்கலை எளிதில் உணரலாம். இறைச்சிச் சாற்றில் ஒரு துளி சீழை விட்டால் மறுநாள் சாறு கலங்கிவிடும். அந்தக் கலங்கலில் ஒரு வகை இருக்கிறதா, ஐந்து வகை இருக்கின்றனவா என்று சொல்ல முடியாது. வேகமாகப் பெருகுவது மெதுவாகப் பெருகுவதை மூழ்கடித்துவிடும். இன்று உருண்டையாகத் தெரிந்தது நாளை கோலாகத் தெரிந்தால், ஒரே உயிர் உருமாறியதா, அல்லது வேறொன்று தலையெடுத்ததா? 1870-களில் தாவரவியலாளர் நேகெலி பாக்டீரியாக்களுக்கு நிலையான இனங்களே கிடையாது என்று கருதினார். பிரெஸ்லாவில் இருந்த ஃபெர்டினாண்ட் கோன் இனங்கள் உண்டு என்றார். கலப்பு வளர்ப்பை வைத்துக்கொண்டு இந்த வழக்கை எந்தப் பக்கமும் தீர்க்க இயலாது. இனங்களே நிலையில்லை என்றால் குறிப்பிட்ட நோய்க்குக் குறிப்பிட்ட கிருமி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே தூய வளர்ப்பு என்பது ஆய்வகத்தின் சில்லறை வேலை அன்று. கிருமிக் கொள்கை முழுவதும் அதன்மேல்தான் நின்றது.

லிஸ்டரின் மகன், அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர், இதற்கு ஒரு வழி கண்டார். பாலைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாவைப் படிப்படியாக நீர்த்துக்கொண்டே போய், ஒரு துளிக்கு ஓர் உயிரணுவும் தேறாத அளவுக்குக் குறைத்து, அத்துளிகளைத் தனித்தனிக் குப்பிகளில் இட்டார். 1878-இல் அவர் விவரித்த இம்முறை வெற்றி பெற்றது. ஆனால் கலவையில் எது மிகுதியோ அது மட்டுமே இதில் அகப்படும். சிறுபான்மையாக இருக்கும் நோய்க்கிருமி தப்பிவிடும். பார்க்கும் கருவியைத் தந்தை திருத்திக் கொடுத்தார், பிரிக்கும் சிக்கலில் மகன் போராடினார் என்பதை நான் தற்செயலாக மட்டும் கருதவில்லை. துறையின் மையச் சிக்கல் ஒரு தலைமுறைக்குள் எங்கே நகர்ந்தது என்பதை அக்குடும்பமே காட்டிவிடுகிறது.

திடத் தளத்தின் முதல் வடிவம் வேகவைத்த உருளைக்கிழங்கு. ஷ்ரோட்டர் 1870-களின் தொடக்கத்திலேயே கிழங்குத் துண்டுகளில் சிவப்பு, மஞ்சள் என நிறம் காட்டும் பாக்டீரியாக்கள் தனித்தனிப் புள்ளிகளாக வளர்வதைக் கவனித்திருந்தார். ஒரு புள்ளி ஓர் உயிரணுவின் வழித்தோன்றல் என்ற பொருளை அதற்கு உறுதியாகக் கொடுத்தவர் கோக். எல்லாக் கிருமியும் கிழங்கில் வளராது என்பதால், இறைச்சிச் சாற்றில் ஜெலட்டினைக் கலந்து கண்ணாடித் தகட்டில் ஊற்றி உறைய வைத்தார். 1881-இல் லண்டனில் நடந்த அனைத்துலக மருத்துவ மாநாட்டின்போது இம்முறையைச் செய்து காட்டினார். அறிவியலிலும் தேசப்பற்றிலும் அவருக்கு எதிரணியில் நின்ற பாஸ்டரே இதைப் பெரிய முன்னேற்றம் என்று பாராட்டினார்.

ஜெலட்டினுக்கு இரண்டு குறைகள். ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இளகத் தொடங்கும். மனித நோய்க்கிருமிகளோ 37 டிகிரியில்தான் செழிக்கும். போதாததற்குப் பல பாக்டீரியாக்கள் ஜெலட்டினையே செரித்து நீராக்கிவிடும். இரண்டாவது குறை சில வேளை அடையாளமாகவும் பயன்பட்டதைச் சொல்லியாக வேண்டும். 1884 ஜனவரியில் கல்கத்தாவில் கோக் காலராக் கிருமியைத் தூய வளர்ப்பாகப் பெற்றபோது, அது ஜெலட்டினைக் குழித்துக்கொண்டு வளரும் விதமே அதை இனங்காண உதவியது. அங்கே ஜனவரி மாதம் ஜெலட்டினுக்குத் தோதான குளிர்காலம் என்பதையும் மறக்கக் கூடாது.

விடை வந்தது சமையலறையிலிருந்து. சாக்சனி மருத்துவர் வால்டர் ஹெஸ்ஸெ காற்றிலுள்ள நுண்ணுயிர்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1881-82 குளிர்காலத்தில் கோக்கின் ஆய்வகத்தில் சேர்ந்தார். வெயில் நாள்களில் அவருடைய ஜெலட்டின் உருகி ஓடியது. நியூயார்க்கில் பிறந்த அவர் மனைவி ஃபானி ஹெஸ்ஸெ, ஆய்வுப் பணியில் கணவருக்கு உதவியவர், நுண்ணோக்கியில் கண்டதை வண்ணத்தில் வரைந்தும் கொடுத்தவர். ஜாவாவில் வாழ்ந்து வந்த டச்சு அயலாரிடம் இளமையில் கற்ற அகர்-அகரைத் தம் பழக்கூழிலும் இனிப்பிலும் சேர்த்துவந்தார். அதையே முயன்று பார்க்கச் சொன்னார். நோன்பு நாள்களில் கடல்பாசி காய்ச்சும் நம் ஊர் இஸ்லாமிய இல்லங்களுக்கு இப்பொருளின் குணம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: கொதிக்க வைத்தால் கரையும், ஆறினால் கட்டியாகும், வெயிலிலும் இளகாது.

ஆய்வகத்துக்கு அதில் கிடைத்த அனுகூலம் மிகப் பெரியது. உறைந்த அகர் மறுபடி உருக ஏறத்தாழ 85 டிகிரி வேண்டும். உருகிய அகர் 40 டிகிரிக்குக் கீழே ஆறினால்தான் உறையும். இந்த இடைவெளியில்தான் முழு வித்தையும் அடங்கியிருக்கிறது. கை தாங்கும் சூட்டில், கிருமியைக் கொல்லாமல், அதைக் கலந்து ஊற்றலாம். உறைந்த பின் உடல் வெப்பத்தில் நாள்கணக்கில் வைக்கலாம். பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதைச் செரிக்கவும் முடியாது.

இன்று கல்லூரி மாணவர் ஒருவர் தட்டில் கோடிழுப்பதைப் பாருங்கள். வளையக் கம்பியைச் சுடரில் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, மாதிரியைத் தொட்டு, அகரைக் கீறாமல் ஓர் ஓரத்தில் நெருக்கமாக இழுக்கிறார். மறுபடி காய்ச்சி, முதல் கோடுகளின் நுனியை மட்டும் தொட்டுப் பக்கத்துப் பகுதியில் இழுக்கிறார். மூன்றாம் முறை, நான்காம் முறை. தட்டைக் கவிழ்த்து அடைகாப்பானில் வைக்கிறார், மூடியில் படியும் நீர் கீழே சொட்டிக் காலனிகளைக் கலந்துவிடக் கூடாது என்பதற்காக. மறுநாள் முதல் பகுதியில் படலமாகப் படிந்திருப்பது, கடைசிப் பகுதியில் தனித்தனிப் புள்ளிகளாக நிற்கும். லிஸ்டர் குப்பி குப்பியாகச் செய்த நீர்த்தலை ஒரு கம்பியும் ஒரு தட்டும் இரண்டு நிமிடத்தில் செய்துவிடுகின்றன. சிறுபான்மைக் கிருமியும் தப்புவதில்லை.

பெருமையைப் பங்கிட்டதில் நேர்மை இல்லை. 1882 மார்ச் 24-இல் பெர்லினில் காசநோய்க் கிருமியை அறிவித்த கோக், தம் முதன்மை வளர்ப்புக்குக் கெட்டியாக்கிய இரத்தச் சீரத்தைத்தான் நம்பினார். அகரிலும் அது வளரும் என்று அவ்வாண்டுக் கட்டுரையில் போகிறபோக்கில் குறிப்பிட்டார். அகர் யார் வழியாக வந்தது என்று எழுதவில்லை. 1887-இல் கண்ணாடித் தட்டுக்கு விளிம்பு உயர்ந்த மூடி போட்ட ரிச்சர்ட் பெட்ரியின் பெயர் உலகெங்கும் நிலைத்தது. ஃபானி ஹெஸ்ஸெயின் பங்கை ஆய்வுலகம் விரிவாக அறிந்தது, அவர் இறந்து ஐந்து ஆண்டு கழித்து, 1939-இல் ஹிட்சென்ஸும் லைக்கைண்டும் எழுதிய கட்டுரையால். அதற்கும் முக்கிய ஆதாரம் குடும்பத்தார் சொன்ன செய்திதான். எனவே உரையாடல்களைப் புனைந்து இதைக் கதையாக்கும் இன்றைய போக்கை நான் ஏற்கவில்லை. ஆனால் அகரை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தவர் அவர் என்பதை ஐயுறவும் காரணமில்லை.

திடத் தளம் கொடுத்த பார்வைக்கு எல்லையும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் என் வாதம் வெறும் புகழுரையாகிவிடும். மண்ணில் நைட்ரேட் உண்டாக்கும் பாக்டீரியாக்களைத் தேடிய வினோகிராட்ஸ்கி, அவை கரிமப் பொருள் கலந்த தளத்தில் வளர மறுப்பதைக் கண்டு, 1890-ஐ ஒட்டி சிலிக்காக் கூழைத் தளமாக்கித்தான் அவற்றைப் பிடித்தார். அகர் மட்டுமே தளமாக இருந்திருந்தால் அவை இல்லை என்றே முடிவு செய்திருப்போம். மண், நீர் மாதிரிகளில் நுண்ணோக்கியில் எண்ணும் உயிரணுக்களில் நூற்றுக்கு ஒன்றுகூடப் பெரும்பாலும் தட்டில் காலனியாவதில்லை. இந்த முரண்பாட்டுக்கு 1985-இல் ஸ்டேலியும் கொனோப்காவும் பெயரிட்டுக் கவனப்படுத்தினர். ஹான்சன் 1873-இல் கண்ட தொழுநோய்க் கிருமி இன்றுவரை எந்தச் செயற்கை ஊடகத்திலும் வளரவில்லை. நோய்க்கிருமியைத் தூய வளர்ப்பாகப் பெற்றாக வேண்டும் என்னும் கோக்கின் விதிகளை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தால் அது நோய்க்காரணியே ஆகாது. அப்படி யாரும் வாதிடுவதில்லை. விதி பிறந்த கருவியின் எல்லையே விதியின் எல்லை என்பதை மருத்துவம் நடைமுறையில் ஒப்புக்கொண்டுவிட்டது.

மரபணு வரிசையாக்கம் வந்த பின் தட்டுக்கு வேலையில்லை என்போரும் உண்டு. நான் உடன்படவில்லை. ஒரு நோயாளியின் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அறிய, அகர் மேல் மருந்து வில்லைகளை வைத்து அவற்றைச் சுற்றி விழும் வெற்று வட்டத்தை அளப்பது இன்றும் மருத்துவமனைகளின் அன்றாட வேலை. 1928-இல் ஃபிளெமிங் கண்ட பென்சிலினும் அப்படித் தட்டில் தெரிந்ததுதான். குடுவைச் சாற்றில் அந்தப் பூஞ்சை விழுந்திருந்தால் அவர் எதையும் கவனித்திருக்க மாட்டார்.

இத்துறைக்கும் தமிழகக் கடற்கரைக்கும் உள்ள தொடர்பும் நம் பாடநூல்களில் இல்லை. மன்னார் வளைகுடாவில் முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் பறித்துவரும் பெண்களின் உழைப்பிலிருந்து அகர் ஆலைகளுக்கு மூலப்பொருள் போயிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அகர் நின்றுபோனபோது பல நாடுகள் தத்தம் கரைகளில் பாசி தேட வேண்டியிருந்தது. ஆய்வகம் கடலை எவ்வளவு நம்பியிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

பாடத்திட்டம் வகுப்போரிடம் ஒரு வேண்டுகோள். முதல் செய்முறை வகுப்பில் ஆயத்தப் பொடியைக் கரைத்து ஊற்றச் சொல்வதற்கு முன், ஒரே மாதிரியைக் கிழங்குத் துண்டிலும் ஜெலட்டினிலும் அகரிலும் மாணவர்கள் இழுத்துப் பார்க்கட்டும். நம் கோடையில் ஜெலட்டின் மேசைமேலேயே இளகிவிடும். செய்முறைக் குறிப்பேட்டில் பெட்ரியின் பெயருக்குப் பக்கத்தில் ஃபானி ஹெஸ்ஸெயின் பெயரையும் அன்றைக்கே எழுதச் சொல்லுங்கள்.