டர்போ எஞ்சினும் சில டிகிரி டைமிங்கும் – ஒரு சிறு வரலாறு

பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் எப்போது பொறி விட வேண்டும்? பிஸ்டன் மேலே வந்து சேர்ந்ததும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் அதற்கு முன்பே விட வேண்டும். காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை ஒரே நொடியில் வெடித்துவிடுவதில்லை. பிளக்கில் பிடித்த தீ சிலிண்டரின் மறு சுவர் வரை பரவ வேண்டும். நிமிடத்துக்கு 6000 முறை சுழலும் எஞ்சினில், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் கிராங்க் 36 டிகிரி திரும்பிவிடும். எனவே பிஸ்டன் மேல்முனையைத் தொடுவதற்குச் சில டிகிரிகள் முன்பே பொறி விழுந்தால்தான், பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கும் சரியான தருணத்தில் முழு அழுத்தமும் கிடைக்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'டைமிங்' என்கிறார்கள்.

சீக்கிரம் பொறி விட்டால் சக்தி கூடும், ஆனால் ஒரு எல்லை வரைதான். அந்த எல்லையைத் தாண்டினால் வருவது 'நாக்கிங்'. தீ வந்து சேரும் முன்பே, மூலையில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தமும் வெப்பமும் தாங்காமல் தானாகவே பற்றிக்கொள்கிறது. உலோகத்தைச் சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம் கேட்கும். சத்தம் மட்டும் என்றால் பரவாயில்லை. பிஸ்டனின் மேற்பரப்பை ஒட்டியிருக்கும் மெல்லிய வாயுப் படலம்தான் அதைக் கடும் வெப்பத்திலிருந்து காக்கிறது. நாக்கிங்கின் அதிர்வலை அந்தப் படலத்தைக் கிழித்துவிடுகிறது. பிறகு அலுமினிய பிஸ்டன் உருகுவதற்கு அதிக நேரம் ஆகாது.

இந்தப் பிரச்சினையை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில், நாக்கிங்குக்குக் காரணம் எஞ்சின் மட்டுமல்ல, எரிபொருளின் தன்மையும்தான் என்பதை அவர் நிறுவினார். அதே காலத்தில் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங்குக்கு வேறு ஒரு தலைவலி. அவர் உருவாக்கிய பேட்டரி இக்னிஷன்தான் இந்தச் சத்தத்துக்குக் காரணம் என்று பழி வந்தது. உண்மையைக் கண்டுபிடிக்கும் வேலையைத் தாமஸ் மிட்ஜ்லியிடம் ஒப்படைத்தார். 1921 டிசம்பரில் விடை கிடைத்தது: டெட்ராஎத்தில் லெட், அதாவது ஈயக் கலவை. ஒரு காலன் பெட்ரோலில் சில கிராம் கலந்தாலே நாக்கிங் அடங்கியது.

விலையும் மலிவு, வேலையும் சுலபம். ஆனால் ஈயம் விஷம் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். 1924-ல் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இந்தக் கலவையோடு வேலை செய்த ஐந்து தொழிலாளர்கள் மனநிலை பிறழ்ந்து இறந்தார்கள். அதன் பிறகும் விற்பனை நிரந்தரமாக நிற்கவில்லை. கார்களுக்கான ஈய பெட்ரோல் உலகத்தின் கடைசி நாடான அல்ஜீரியாவில் நின்றது 2021-ல். சரியாக நூறு ஆண்டுகள்!

இனி டர்போவுக்கு வருவோம். புகைபோக்கி வழியே வீணாகும் வாயுவைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதனால் கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் திணிப்பதுதான் டர்போ. காற்று கூடினால் சக்தி கூடும். ஆனால் அழுத்தப்பட்ட காற்று சூடாகும், நாக்கிங்கும் கூடவே வரும். 1962-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு டர்போ கார்களை விற்பனைக்கு விட்டது. ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, இரண்டு வழிகள். ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், அழுத்த விகிதத்தை 10.25 என்று உயரமாகவே வைத்துக்கொண்டு, நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் தெளித்துக் குளிரவைத்தது. செவ்ரொலே கார்வேர் ஸ்பைடரில் டிஸ்ட்ரிபியூட்டரிலேயே ஒரு ஏற்பாடு இருந்தது. டர்போ அழுத்தம் ஏறினால் அதுவே டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

ஜெட்ஃபயர் உரிமையாளர்கள் பலர் அந்தத் திரவத்தை நிரப்ப மறந்தார்கள். தீர்ந்துபோனால் எஞ்சினைக் காக்க டர்போ அழுத்தம் தானாகக் குறைக்கப்படும், காரும் மந்தமாகிவிடும். சுமார் 9,600 கார்களோடு 1963-ல் அதன் கதை முடிந்தது. வாடிக்கையாளரின் ஞாபகசக்தியை நம்பிய தொழில்நுட்பம் தோற்றது.

1970-களில் நிலைமை மாறியது. 1975 மாடல் முதல் பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. ஈயம் அதைக் கெடுத்துவிடும். எனவே ஈயமில்லாத, ஆக்டேன் குறைந்த பெட்ரோல் தேவைப்பட்டது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு சிறிய எஞ்சின்களும் வேண்டியிருந்தன. சிறிய எஞ்சினில் பெரிய எஞ்சினின் சக்தி வேண்டுமென்றால் டர்போ வேண்டும். ஆனால் அரை நூற்றாண்டாக நாக்கிங்கை அடக்கி வைத்திருந்த ஈயம் இப்போது இல்லை. என்ன செய்வது?

எஞ்சினுக்குக் காது வைத்தார்கள். ப்யூக் நிறுவனம் 1978-ல் கொண்டுவந்த 3.8 லிட்டர் டர்போ வி6 எஞ்சினில் நாக் சென்சார் ஒன்று பொருத்தப்பட்டது. நாக்கிங் அதிர்வை உணர்ந்ததும் மின்னணுக் கருவி டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், சத்தம் நின்றதும் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். ஸ்வீடனின் சாப் நிறுவனத்தில் பெர் கில்பிராண்ட் குழு உருவாக்கிய ஏபிசி என்ற முறை, 1980-களின் தொடக்கத்தில் அதே வகைச் சென்சாரைக் கொண்டு டைமிங்குக்குப் பதிலாக டர்போ அழுத்தத்தைக் குறைத்தது.

ப்யூக் எஞ்சின் வளர்ந்துகொண்டே போனது. 1984-ல் டிஸ்ட்ரிபியூட்டர் போய் கம்ப்யூட்டர் இக்னிஷன் வந்தது. 1986-ல் இன்டர்கூலர் வந்து, காற்று குளிர்ந்து, சக்தி 235 குதிரைத்திறன் ஆனது. 1987-ல் 245. அந்த ஆண்டு 547 மட்டுமே தயாரான ஜிஎன்எக்ஸ் மாடலில் 276. இவை அனைத்துக்கும் டைமிங் அட்டவணை, கம்ப்யூட்டருக்குள் இருந்த, கையால் கழற்றக்கூடிய ஒரு சின்னச் சிப்பில் இருந்தது.

இங்கேதான் ஆர்வலர்கள் நுழைந்தார்கள். சிப்பைக் கழற்றி, புதிய அட்டவணை எழுதிய சிப்பைப் பொருத்தினார்கள். டர்போ அழுத்தத்தையும் ஏற்றினார்கள். பங்க் பெட்ரோலுக்கு ஒரு சிப், ஆக்டேன் மிகுந்த பந்தய பெட்ரோலுக்கு இன்னொரு சிப். முன்னதில் டைமிங் அடக்கமாக இருக்கும், பின்னதில் சில டிகிரிகள் முன்னே இருக்கும். பந்தயச் சிப்பை மாட்டிவிட்டுப் பங்க் பெட்ரோல் போட்டு ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால், போவது சிலிண்டர் ஹெட் கேஸ்கெட்டோ பிஸ்டனோ!

சரி, பயந்துகொண்டு டைமிங்கை மிகவும் பின்னுக்குத் தள்ளினால்? அதுவும் ஆபத்துதான். எரிப்பு தாமதமாகி, வெப்பம் பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதிலாகப் புகைபோக்கி வழியே போகும். சக்தி குறையும், டர்போவின் சக்கரம் அளவுக்கு மீறிச் சூடாகும். எனவே அனுபவசாலிகள் பின்பற்றிய ஒழுங்கு இதுதான்: முதலில் நல்ல பெட்ரோல், போதுமான எரிபொருள் அளவு. பிறகு அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்று. ஸ்கேன் கருவியில் நாக் எண்ணிக்கையைப் பார். அதன் பிறகே ஒரு டிகிரி.

இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. புகைக் குழாய் சட்டத்தில் இடித்தால்கூடச் சென்சார் அதை நாக்கிங் என்று எண்ணிவிடும். இது தெரிந்த சிலர், சென்சார் எது சொன்னாலும் 'பொய்ச் சத்தம்' என்று ஒதுக்கினார்கள். பல தடவை அது பொய்ச் சத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையாக இருந்த ஒரு தடவை போதும், எஞ்சினைப் பிரித்து மேசையில் வைக்க வேண்டியதாயிற்று.

தொழிற்சாலைப் பொறியாளர்கள் வைத்த டைமிங் கோழைத்தனமானது என்று ஆர்வலர்கள் சொல்வதுண்டு. அப்படியில்லை. மட்டமான பெட்ரோல், கோடை வெயில், பழைய பிளக், மலைப்பாதையில் முழுப் பாரம் என எல்லாம் ஒரே நாளில் சேர்ந்து வந்தாலும் தாங்க வேண்டும் என்று அவர்கள் விட்டுவைத்த சேமிப்பு அது. காரை மாற்றியமைப்பவர் அந்தச் சேமிப்பிலிருந்துதான் செலவு செய்கிறார். செலவு செய்வதில் தவறில்லை. கணக்கில் மிச்சம் எவ்வளவு என்று ஒவ்வொரு டிகிரிக்கும் பார்த்துக்கொண்டே செலவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.