உட்லண்ட்ஸ் கிருஷ்ண ராவ்

தென் கன்னடத்தின் கடந்தலே கிராமத்தில் பிறந்த கே.கிருஷ்ண ராவ், சென்னைக்கு வந்து ஓட்டல் சமையலறை ஊழியராகத் தொழிலைத் தொடங்கினார். உடுப்பி பாணி சைவ ஓட்டல்களின் முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய பின், 1938இல் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவின் பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து உட்லண்ட்ஸைத் தொடங்கினார். சைவச் சாப்பாட்டோடு தங்கும் அறைகளும் அங்கே இருந்தன. பின்னர் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் நியூ உட்லண்ட்ஸ் எழுந்தது.

1962இல் கதீட்ரல் சாலையில் வந்த அவருடைய டிரைவ்-இன் ஓட்டல்தான் சென்னையின் மனதில் ஆழப் பதிந்தது. மர நிழலில் காரை நிறுத்தினால் போதும். கதவில் தட்டு மாட்டப்படும், அதில் சுடச்சுடத் தோசையும் டவரா தம்ளரில் காபியும் வரும். எழுத்தாளர்களும் திரைத்துறையினரும் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்த இடம் அது.

உடுப்பி ஓட்டல்களே ஒரு தொழிற்பள்ளி. ஊரிலிருந்து வரும் பையன் மேசை துடைப்பான், மாவு ஆட்டுவான், பரிமாறுவான். தேறியவன் கல்லாவில் உட்காருவான், பிறகு சொந்தக் கடை வைப்பான். அடிமட்டத்திலிருந்தே உயர்ந்த கிருஷ்ண ராவ் அந்த மரபின் மிகச் சிறந்த உதாரணம்.

அவர் 1990இல் காலமானார். டிரைவ்-இன் 2008இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. நியூ உட்லண்ட்ஸ் இருக்கும் சாலைக்கு இப்போது டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று பெயர்.