அரபுக் கல்லூரி மாணவரின் ஆங்கில ஆர்வம்: கம்பம் பள்ளத்தாக்கு

விடுதியில் தங்கி ஓதும் அரபுக் கல்லூரி மாணவர்கள் ஆங்கிலம் கற்க ஏன் விரும்புகிறார்கள் என்பது மொழிக்கல்வி ஆய்வாளர்கள் எடுத்துப் பேசும் பொருள்களில் ஒன்று. கம்பம், உத்தமபாளையம், போடிநாயக்கனூர் ஆகிய ஊர்களில் ராவுத்தர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் தேனி மாவட்டத்தில், இந்த விருப்பத்துக்குப் பிழைப்பும் மார்க்கமும் சேர்ந்தே வித்திடுகின்றன.

இடுக்கி மலைகளில் விளைந்து போடியில் ஏலம் போகும் ஏலக்காய்க்கு வளைகுடா நாடுகள் பெரிய சந்தை. மலையேறினால் குமுளி, தேக்கடி. அங்கே சுற்றுலாத் தொழில். இவ்விரண்டிலும் ஆங்கிலம் கைகொடுக்கும். ஆலிம் பட்டம் பெற்றவருக்கோ பள்ளிவாசல் இமாமத்தும் மக்தப் (சிறுவர் குர்ஆன் பள்ளி) ஆசிரியர் பணியுமே பெரும்பாலும் காத்திருக்கின்றன, ஊதியம் சொற்பம். கல்லூரி மேற்படிப்புக்கும் வெளிநாட்டு வேலைக்கும் ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலவழிப் பள்ளியில் படித்த பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு அவர்களுக்குப் பழகிய சொற்களில் விளக்கம் தர வேண்டிய பொறுப்பும் ஹஜ்ரத் எனப்படும் மார்க்க ஆசிரியருக்கு உண்டு.

இரண்டாம் மொழி கற்றல் பற்றி உளவியலாளர்கள் கார்ட்னரும் லாம்பர்ட்டும் 1972-ல் வெளியிட்ட நூல், பயன் கருதிய ஊக்கத்தையும் அம்மொழி பேசுவோருடன் ஒன்றிப்போக விரும்பும் ஊக்கத்தையும் வேறுபடுத்திக் காட்டியது. மதரஸா எனப்படும் அரபுக் கல்லூரியின் மாணவரை இந்தப் பிரிவினைக்குள் அடக்க முடியாது. இந்தோனேசியப் பள்ளி மாணவரை ஆராய்ந்த மார்ட்டின் லாம்ப், இரண்டு ஊக்கங்களும் பிரிக்க இயலாதபடி கலந்திருப்பதை 2004-ல் எடுத்துக்காட்டினார்.

தடை ஆர்வத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. ஃபஜ்ர் (அதிகாலைத்) தொழுகைக்கு முன் தொடங்கும் நாள், இஷா (இரவுத்) தொழுகைக்குப் பின் பாடங்களைத் திரும்பப் பார்ப்பதுவரை நீளும். இலக்கணம் இவர்களுக்குப் புதிதன்று. அரபுச் சொல்லிலக்கணமான ஸர்ஃபுப் பாடத்தில் ஒரே வினைச்சொல்லை 14 வடிவங்களில் தடையின்றி ஒப்பிக்கும் மாணவருக்கு ஆங்கிலக் கால வாய்பாடு பெரிய சுமையாகாது. பேச்சில்தான் திக்குகிறார்கள், பேசிப் பழக ஆள் இல்லை.

இதற்கு வழி காட்டிய நிறுவனங்கள் உண்டு. கிழக்கு ஜாவாவில் 1926-ல் உருவான கோந்தோர் மதரஸா விடுதியில் அரபும் ஆங்கிலமுமே அன்றாடப் பேச்சுமொழிகள். 1924-ல் காகா முகமது உமர் நிறுவிய உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம், மார்க்கப் பாடங்களுடன் ஆங்கிலத்துக்கும் இடம் தந்தது. மதரஸாப் பட்டதாரிகளுக்கு ஈராண்டு ஆங்கிலப் பட்டயப் படிப்பு நடத்தும் மர்கஸுல் மஆரிஃப் 1994-ல் தில்லியில் தொடங்கி, பின்னர் மும்பைக்கு மாறியது.

உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956 முதல் இயங்கிவருகிறது. அதன் ஆங்கில ஆசிரியர்களை அஸர் (மாலை), மஃரிப் (அந்தி) தொழுகைகளுக்கு இடைப்பட்ட ஓய்வு வேளையில் மதரஸாக்களுக்கு அழைத்துப் பேச்சு வகுப்பு நடத்த, பள்ளத்தாக்கின் ஜமாஅத்துகள் முன்வர வேண்டும்.