யூ வாஸ்: ஒரு கால் மார்க்கின் பூர்வீகம்

போன மாதம் அம்பத்தூரில் வங்கித் தேர்வு கோச்சிங் வகுப்பு. பிழை கண்டுபிடிக்கும் பகுதியில் "யூ வாஸ் லேட்" என்று ஒரு வாக்கியம். ஆவடியிலிருந்து என்னோடு ரயிலில் வரும் நண்பன் (என்னைப் போலவே பி.காம்., தமிழ் மீடியம்) பிழை இல்லை என்று குறித்துவிட்டான். கால் மார்க் மைனஸ்.

"சார், யூன்னா இங்க ஒரே ஆள்தானே? ஒருமைக்கு வாஸ்தானே வரணும்?" என்று கேட்டான். "ரூல்னா ரூல், மனப்பாடம் பண்ணு" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கு உறுத்தியது. தேடிப் படித்தேன். அவன் யோசித்த மாதிரியே ஒரு காலத்தில் இங்கிலாந்துக்காரர்களும் யோசித்திருக்கிறார்கள்!

பழைய ஆங்கிலத்தில் ஒருவரைச் சொல்ல 'தௌ', அதாவது நம் 'நீ'. 'யூ' பன்மைக்கு உரியது. 13ஆம் நூற்றாண்டு வாக்கில், பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்து, பெரிய மனிதர் ஒருவரையும் 'யூ' என்று பன்மையில் அழைக்கும் மரியாதை வந்தது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இரண்டு சொல்லும் உண்டு. 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பொதுப் பேச்சில் 'தௌ' ஏறக்குறைய மறைந்து, எல்லோருக்கும் 'யூ' ஆகிவிட்டது.

இப்போது ஒருமையா பன்மையா என்று எப்படித் தெரியும்? 18ஆம் நூற்றாண்டில் பலர் ஒரு வழி கண்டார்கள். ஒருவர் என்றால் 'யூ வாஸ்', பலர் என்றால் 'யூ வேர்'. படித்தவர்களே இப்படி எழுதினார்கள். 1762இல் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் (பிற்பாடு லண்டன் பிஷப்) தன் ஆங்கில இலக்கண நூலில் இதை மாபெரும் பிழை என்று தீர்ப்பு எழுதினார். முதல் வரிசை எழுத்தாளர்களும் இதில் விழுந்திருப்பதாக அவரே ஒப்புக்கொள்கிறார். அப்புறம் 1795இல் லிண்ட்லி மரே இலக்கணம் எழுதினார். 1797இல் தப்பு வாக்கியங்களாக அடுக்கி, திருத்தச் சொல்லும் பயிற்சி நூலும் போட்டார். அவருக்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டின் நடுவில், நியூகாசிலில் ஆன் ஃபிஷர் என்ற ஆசிரியை தன் இலக்கண நூலில் இந்த மாதிரிப் பயிற்சி வைத்திருந்தார். நம் கேள்வித்தாளின் பாட்டி அவர்தான் :-)

சரி, நம்ம ஊருக்கு வருவோம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கம் பெரும்பாலும் பேசுவது இதைத்தான்: எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள பொருத்தம். ஒருவரைப் பன்மையில் சொல்வதும் அங்கே வருகிறது. 'அவர் வந்தார்' என்பது உண்மையில் பன்மை. அது வழக்கில் உள்ள உயர்சொல், ஆனால் இலக்கண முறை அல்ல என்கிறார் தொல்காப்பியர். தவறு என்று அடிக்கவில்லை, விதி என்றும் ஆக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டு நன்னூலில் வழு, வழாநிலை என்ற இரண்டோடு வழுவமைதி என்று மூன்றாவதும் உண்டு. தப்புதான், ஆனால் காரணம் இருப்பதால் ஏற்கலாம். லௌத்திடம் இந்த மூன்றாவது பெட்டி இருந்திருந்தால் நண்பனுக்குக் கால் மார்க் மிஞ்சியிருக்கும்!

நாமும் 'அவர்' என்பதை மரியாதைக்குக் கொடுத்துவிட்டு, பலருக்கு 'கள்' ஒட்டி 'அவர்கள்' ஆக்கிக்கொண்டோம். ஆங்கிலத்தின் பொது வழக்கில் அப்படி எதுவும் ஒட்டவில்லை.

ரயிலில் இதை நண்பனிடம் சொன்னேன். "அப்போ யூன்னா நீ இல்லடா, நீங்க!" என்றான். பட்டாபிராம் போகும் வரை வாய்விட்டுச் சிரித்தோம், இறங்க வேண்டிய ஆவடியைத் தவறவிட்டு. அதற்கப்புறம் அவனுக்கு 'யூ வேர்' தப்பவே இல்லை. அடுத்த டெஸ்ட்டில் 'ஈச் ஆஃப் தி பாய்ஸ் ஹேவ்' வந்தது. அதைச் சரி என்று விட்டுவிட்டான். அதற்கு இன்னும் பூர்வீகம் தேடிக்கொண்டிருக்கிறேன்.