தொண்டுழைப்பும் தீராத வழுக்களும்: திறந்த மூல மென்பொருளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஊதியம் கருதாது மனிதர் கூடி உழைத்துப் பெரும் ஆக்கங்களைத் தோற்றுவிக்க முடியும் என்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி தரும் சான்றுகளுள் திறந்த மூல மென்பொருள் முக்கியமானது. மென்பொருளின் மூலநிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் நியதியின்மீது எழுந்த இவ்வியக்கம், அறிவைத் தனியுடைமையாக்கும் போக்குக்கு நடைமுறையிலே கொடுக்கப்பட்ட மறுப்பாகும். எனினும் அதன் வரலாற்றை நோக்குமிடத்து ஒரு முரண்பாடு புலனாகின்றது. புதியன படைப்பதற்குத் திரண்டு வந்த தொண்டர்கள், பழைய வழுக்களைக் களைவதற்கு அவ்வாறு திரளவில்லை. பலரும் அறிந்த குறைகள்கூட ஆண்டுக்கணக்கிலே தீராது கிடந்தன. இது தொண்டர்தம் மனப்பாங்கின் குறைபாடா, அன்றி உழைப்பு ஒழுங்கமைக்கப்பட்டிருந்த முறையின் விளைவா என்பதே இங்கு நாம் ஆராய முனையும் வினாவாகும்.

1983இல் றிச்சார்ட் ஸ்ரோல்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். அத்திட்டத்தின் பொது உரிமம் 1989இல் வெளிவந்தது. 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் ரோவால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். ஆரம்பகாலத் தொண்டர் பலர் தமக்குத் தேவையான கருவியைத் தாமே ஆக்கிக் கொண்டவர்கள். தேவையும் படைப்பின் மகிழ்வும் சகபாடிகளின் மதிப்பும் அவர்களை இயக்கின. 1997இல் எரிக் றேமண்ட் தமது கட்டுரையொன்றிலே இவ்வனுபவத்தைக் கோட்பாடாக்கினார். போதிய தொகையினர் நிரலை நோக்குவராயின் எவ்வழுவும் எளிதிற் பிடிபடும் என்பது அக்கோட்பாட்டின் சாரம். காலப்போக்கில் அது இயக்கத்தின் நம்பிக்கையாகவே நிலைபெற்றது.

இந்நம்பிக்கை பாதி உண்மையே. வழுவைக் காண்பது ஒன்று, களைவது மற்றொன்று. 1998இல் நெற்ஸ்கேப் நிறுவனம் தனது உலாவியின் மூலநிரலைத் திறந்துவிட்டதைத் தொடர்ந்து, பக்சில்லா எனும் பொது வழுப்பதிவேடும் வெளியிடப்பட்டது. எவரும் குறைகளைப் பதியலாயினர். ஆனால் ஒவ்வொரு பதிவும் ஒரு வேலையை வேண்டி நிற்பது. ஒரே குறை பற்றிய பல பதிவுகளை இனங்காணல், குறையை மீண்டும் தோற்றுவித்துப் பார்த்தல், திருத்தம் வேறோரிடத்தைக் கெடுக்கின்றதா எனச் சோதித்தல் ஆகிய அனைத்தும் உழைப்பே. இவ்வுழைப்புக்குப் படைப்பின் மகிழ்வில்லை. பெயரும் பெரிதாகக் கிட்டுவதில்லை. பிறர் எழுதிய பழைய நிரலைக் கற்பதற்கு மாதங்கள் வேண்டும். அவ்வறிவு பெற்றோர் மிகச் சிலர். அவர்களோ ஏற்கெனவே களைத்தோர்.

ஓபன் எஸ்.எஸ்.எல். என்னும் மறைகுறியாக்க மென்பொருளின் அனுபவம் இதனைத் தெளிவாகக் காட்டும். 1998 முதல் வளர்க்கப்பட்டு வந்த இம்மென்பொருளை வங்கிகளும் வணிக நிறுவனங்களும் அரசுகளும் பயன்படுத்தின. 2011ஆம் ஆண்டின் இறுதி நாளன்று அதனுட் சேர்க்கப்பட்ட நிரற்பகுதியொன்றிலே ஒரு வழு இருந்தது. எழுதியவரும் அதனைக் காணவில்லை, பரிசீலித்தவரும் காணவில்லை. சேவையகத்தின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைற் வரையிலான தகவலை ஒரு முறையிலே பிறர் கறந்துகொள்ள அது வழிசெய்தது. ஹார்ட்பிளீட் எனப் பெயர்பெற்ற இவ்வழு 2014 ஏப்ரல் 7ஆந் திகதியே உலகுக்குத் தெரியவந்தது. அவ்வேளை அத்திட்டத்திலே முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே. அதற்குக் கிடைத்த நன்கொடை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,000 டொலர். பயன்பெற்றோர் கோடிக்கணக்கினர்; பார்த்த கண்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை.

தொண்டரை இப்பணிக்கு ஈர்க்கும் முயற்சிகள் நடைபெறாமல் இல்லை. டெபியன் குழுவினர் குறித்த நாட்களிலே ஒன்றுகூடி வழுக்களைக் களையும் வழக்கத்தை ஏற்படுத்தினர். உபுந்து குழுவினர் 2009இல், பயனரை நாளாந்தம் உறுத்தும் சிறு குறைகளுள் நூற்றினைத் தெரிந்து அடுத்த வெளியீட்டுக்கு முன் நீக்குவதென அறைகூவல் விடுத்தனர். வேலை சிறிதாகப் பகுக்கப்பட்டு, எல்லை வகுக்கப்பட்டு, முடிவு கண்ணுக்குப் புலப்படுமாயின் புதியோரும் துணிந்து கைகொடுப்பர் என்பதை இவை உணர்த்துகின்றன. நமது சிரமதானப் பணிகளிலும் இதனைக் காணலாம். ஆயின் ஒரு நாளிலே முடியாத, ஆழ்ந்த அறிவை வேண்டும் வழுக்களுக்கு இம்முறை போதாது.

இலங்கை அனுபவமும் இதற்கு விலக்கன்று. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின்பின், இந்நாட்டுக் கணினித் துறையினர் சில வாரங்களிலே சஹானா என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருளைத் தொண்டாக ஆக்கினர். பேரிடர் அவர்களை ஒன்றிணைத்தது. ஆனால் அவசரத்திலே ஆக்கப்பட்டதனைப் பிற நாடுகளுக்கும் உதவும்வண்ணம் மீளவெழுத வேண்டியபோது, லங்கா மென்பொருள் மன்றத்துக்குச் சுவீடன் அரசின் அபிவிருத்தி உதவி நிதி தேவைப்பட்டது. உணர்ச்சிப் பெருக்கு தொடக்கி வைத்ததை நிலையான வளமே தொடர்ந்து காத்தது.

ஹார்ட்பிளீட் அதிர்ச்சியின்பின் பெருநிறுவனங்கள் 2014இலேயே லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ் ஒரு நிதியத்தை அமைத்து, ஓபன் எஸ்.எஸ்.எல். திட்டத்துக்கு முழுநேர உழைப்பாளர் இருவரை அமர்த்த உதவின. ஆயினும் உதவி எட்டாத சிறு திட்டங்கள் எண்ணிறந்தன. எக்ஸ்.இஸட். எனும் சுருக்கற் கருவியை ஊதியமின்றிப் பேணிவந்த ஒருவர் களைத்திருந்த வேளை, அவரை விரைவுபடுத்துமாறு 2022இல் பலர் வற்புறுத்தினர். உதவியாளராக வந்து நம்பிக்கை பெற்ற ஒருவரே பின்னர் அதனுள் இரகசியக் கதவொன்றை வைத்தார். 2024 மார்ச்சு 29ஆந் திகதி அது அம்பலமாயிற்று. ஆதரவற்ற தொண்டு, தன்னை ஏற்க வந்த கையை ஆராயும் வலுவையும் இழக்கின்றது.

ஆகவே, தீராத வழுக்கள் தொண்டர்களின் அசட்டையைக் காட்டுவன அல்ல. பயன் சமூகமயமாகியுள்ள அளவுக்குப் பராமரிப்பின் சுமை சமூகமயமாகவில்லை என்பதையே அவை காட்டுகின்றன. இலாபம் ஈட்டுவோர் சுமையைச் சிலரின் ஓய்வுநேரத்தின்மீது ஏற்றியுள்ளனர். சிறு குறைகளுக்கு நன்கு பகுக்கப்பட்ட அழைப்பு போதும். ஆழ்ந்த குறைகளுக்குப் பொதுவளத்திலிருந்து ஊதியம் பெறும் நிலையான உழைப்பு வேண்டும். ஆனால் ஊதியம் தருவோர் பொதுச்சொத்தின் எசமானர் ஆகிவிடாதிருப்பதும் உறுதிசெய்யப்படல் வேண்டும். அறிவைப் பொதுவாக்குதல் முதற்படி. அதனைப் பேணும் உழைப்பைப் பொதுப்பொறுப்பாக்குதலே எஞ்சியுள்ள வரலாற்றுக் கடமையாகும்.