பயிற்றுவோரைப் பயிற்றியது யார்? மன்னார்க் கரையின் அண்ணாவி மரபு பற்றிச் சில குறிப்புகள்

அண்ணாவி என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் வழங்கி வந்துள்ளன. திண்ணைப் பள்ளியில் ஏடும் எழுத்தாணியும் பிடிக்கக் கற்பித்த உபாத்தியாயர் ஒருவர். கூத்தினைப் பழக்கி அரங்கேற்றுபவர் மற்றொருவர். தென்தமிழகத்தில் முதற்பொருள் நெடுங்காலம் நிலைத்தது. ஈழத்திலோ, சிறப்பாக மட்டக்களப்பிலும் மன்னாரிலும், இரண்டாம் பொருளே இன்று எஞ்சியுள்ளது. ஆயினும் இரண்டினுக்கும் இடையேயுள்ள உறவு தற்செயலானதன்று. கூத்தை நடத்துபவனை நம்மவர் கலைஞன் என்று அழைப்பதற்கு முன்னரே ஆசிரியன் என்று அழைத்தனர் என்பது இச்சொல்லால் புலனாகின்றது. அவ்வாசிரியன் தனது தொழிலை எங்குக் கற்றான் என்னும் வினாவையே நாம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

மன்னார்த் தீவின் கரையோரத்தில், நகருக்கு அணித்தாக அமைந்தது கீரி என்னும் கிராமம். கீரி போன்ற மீனவர் குடியிருப்புகளும், பேசாலை, வங்காலை முதலிய பெரிய கத்தோலிக்க ஊர்களும், பெருநிலப்பரப்பில் மாதோட்டத்து வயற்கிராமங்களும் ஒரே கலைமரபின் நிலைக்களங்களாக விளங்கி வந்துள்ளன. இம்மரபில் விடிய விடிய, சில வேளை ஓரிரவுக்கு மேலும், ஆடப்படுவது நாடகம். அதனைச் சுருக்கி ஓரிரவில் முடிப்பது வாசகப்பா. பாங்கு வகையால் வடபாங்கு, தென்பாங்கு என இரண்டு. மட்டக்களப்புக் கூத்தில் ஆட்டம் பெறும் முதன்மையை இங்குப் பாட்டே பெறுகின்றது. எனவே மன்னார் அண்ணாவியார் முதலில் ஒரு பாட்டாசிரியர். குரல்களைக் கூட்டி நடத்துபவர்.

இம்மரபின் நூல்களை அச்சேற்றியதில் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் பங்கு பெரிது. அவர் பதிப்பித்த எண்டிறிக்கு எம்பரதோர் நாடகம் 1964இலும், மூவிராசாக்கள் நாடகம் 1966இலும், ஞானசவுந்தரி நாடகம் 1967இலும் வெளிவந்தன. கறையானுக்கும் கடற்காற்றுக்கும் இரையாகவிருந்த ஏடுகள் இவ்வாறு காப்பாற்றப்பட்டன. எனினும் அச்சுப் பிரதி நமக்குத் தருவது யாது? விருத்தம், கொச்சகம், தரு என்னும் தலைப்புகளையும் அவற்றின் கீழுள்ள வரிகளையும் தருகின்றது. அந்தத் தருவை, எழுத்தறியாத ஓர் இளைஞனின் வாயில் நாற்பது இரவுகளில் ஏற்றிய முறையை அது தருவதில்லை, தரவும் இயலாது. இது பதிப்பாசிரியரின் குறையன்று. பனுவலைக் காப்பதே அன்றைய ஆய்வின் அவசரப் பணியாக இருந்தது. ஆனால் பனுவல் காக்கப்பட்டதனால் மரபே காக்கப்பட்டுவிட்டது என்று நாம் ஆறுதலடைந்தமை பின்னர் விளைந்த இழப்புக்கு ஒரு காரணமாயிற்று.

அண்ணாவியார் பழக்கும் முறையைச் சற்று நுணுகி நோக்குவோம். குரலும் தோற்றமும் பார்த்துப் பாத்திரங்களை வகுப்பது முதல் வேலை. ஊரில் மதிப்புடைய குடும்பங்கள் அரச வேடங்களுக்கு உரிமை கோரும் வழக்கம் இருந்தமையால், இது கலைத்தெரிவாக மட்டும் அமையவில்லை. சமூக அதிகாரத்தோடு அண்ணாவியார் நடத்தும் பேரமாகவும் அமைந்தது. பின்னர் ஏட்டிலிருந்து அவரவர் பகுதி பிரித்துக் கொடுக்கப்படும். மட்டக்களப்பில் இதனைச் சட்டங் கொடுத்தல் என்பர். கடலுக்குச் செல்லாத இரவுகளில் பழக்கம் நடைபெறும். அண்ணாவியார் ஓர் அடியைப் பாடுவார். கூத்தன் அதனைத் திருப்பிப் பாடுவான். பிற்பாட்டுக்காரர் அதனை ஏற்றுப் பாடுவர். இம்மூன்று நிலைகளும் ஒவ்வோர் அடிக்கும் மீண்டும் மீண்டும் நிகழும்.

இதில் பிற்பாட்டின் பணி கூர்ந்து கவனிக்கத்தக்கது. கேட்போருக்கு அது இசையழகு. கூத்தனுக்கோ அது மூச்சுவாங்கும் இடைவெளி. அடுத்த அடியை நினைவிற்கொண்டுவரும் அவகாசம். நினைவு தவறியவனைக் கூட்டம் அறியாமலே தாங்கிக்கொள்ளும் தோளும் அதுவே. ஒருவனுடைய பலவீனத்தை ஊர் முன் வெளிப்படுத்தாமல் அவனைக் கொண்டே முழு இரவையும் நடத்திச் செல்லும் இவ்வேற்பாட்டினை, கற்பித்தல் முறையாக நாம் இதுவரை போதிய அளவு ஆராயவில்லை.

மற்றொன்றும் உளது. மேலைநாட்டு வாத்தியக் குழுவின் நடத்துநர் கலைஞரை நோக்கி நின்று, கோலினாலும் கையசைவினாலும் வழிநடத்துகின்றார். கூத்தில் இது இயலாது. கூத்தன் சபையை நோக்கி நிற்கின்றான். அண்ணாவியார் பின்னணியில், பிற்பாட்டுக்காரரோடும் மத்தளக்காரரோடும் நிற்கின்றார். எனவே அவர் கண்ணுக்கு நடத்தாமல் காதுக்கு நடத்துகின்றார். கையிலுள்ள தாளமும் தம் குரலுமே அவருடைய கோல். ஒரு தருவை விரைவுபடுத்த வேண்டுமாயின் தாளம் சற்று முந்தும். தளர்ந்த கூத்தனை எடுத்து நிறுத்த வேண்டுமாயின் அடியின் முதற்சொல் அவர் வாயிலிருந்து ஒரு கணம் முன்னதாக எழும்.

இவற்றை அண்ணாவியார் யாரிடம் கற்றார்? கல்லூரி இல்லை, சான்றிதழ் இல்லை. சிறுவனாகக் கூத்துப் பார்த்தவன், பின்னர்ச் சிறு வேடம் ஏற்றவன், குரல் முதிர்ந்தபின் பிற்பாட்டில் சேர்ந்தவன், அண்ணாவியார் இல்லாத இரவில் தாளத்தைக் கையிலேந்தியவன் ஒரு நாள் தானே அண்ணாவியானான். இந்நெறியின் வலிமை வெளிப்படை. பழக்குபவன் எல்லாப் பகுதிகளையும் தன் உடலால் அறிந்தவனாக இருந்தான். ஆனால் இதன் எல்லையையும் மறைத்தலாகாது. பெண் வேடத்தையும் ஆடவரே தாங்கிய அரங்கில், இரவுப் பழக்கத்தினூடாக உருவாகும் இப்பதவி பெண்களுக்கு முற்றாக அடைபட்டிருந்தது. சாதியும் குடும்பமும் வேறு கதவுகளை அடைத்தன. பழைமையைப் போற்றுவோர் இதனைக் கடந்து சென்றுவிடுவது வழக்கம்.

பல்கலைக்கழகம் இம்மரபினை நாடிய காலம் இங்கு நினைவுகூரத்தக்கது. பேராதனையில் பணியாற்றிய எதிரிவீர சரச்சந்திர 1956இல் மனமே நாடகத்தை மேடையேற்றியபோது, நாடகம் எனும் சிங்கள மரபின் இசையைச் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருநான்சேயிடமிருந்தே பெற்றார். அச்சிங்கள மரபே தமிழ்க் கத்தோலிக்கக் கூத்திலிருந்து கிளைத்தது என்பது ஆய்வாளர் பலரும் ஒப்புக்கொண்ட செய்தி. ஏட்டினைக் கையில் ஏந்தி நிற்கும் அதன் ஆசானுக்குப் பொத்தே குரு என்று பெயர். ஏட்டுக் குரு எனலாம். அதே பேராதனையில் வித்தியானந்தன் கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலிவதை (1966) ஆகியவற்றை மேடையேற்றினார். கர்ணன் போருக்கு மாணவரைப் பழக்கியவர் வந்தாறுமூலை அண்ணாவியார் செல்லையா. இரு மொழியினரும் கிராமத்து ஆசானை அழைத்து மாணவரைப் பழக்கினர். சிறந்த நடிகர்கள் தோன்றினர். ஆனால் அவ்வாசான்களிடம் பழக்கும் தொழிலைக் கற்க ஒரு பாடநெறி ஏற்படுத்தப்படவில்லை. வித்தியானந்தன் அண்ணாவிமாரை ஒன்றுகூட்டி மாநாடுகள் நடத்தியும் கௌரவித்தும் அவர்களுடைய மதிப்பினை உயர்த்தினார் என்பது உண்மையே. மதிப்பளித்தல் வேறு, வாரிசு உருவாக்குதல் வேறு.

பிற நாட்டார் இச்சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டனர்? கிரிமியப் போர்க்காலத்தில், 1854இல், ஸ்கூட்டாரியில் நடந்த அணிவகுப்பில் பிரித்தானியப் படையின் பாண்டு வாத்தியக் குழுக்கள் யாவும் ஒருங்கே அரசவாழ்த்தை இசைத்தன. ஒவ்வொரு குழுவும் தனக்குரிய சுருதியிலும் அமைப்பிலும் இசைத்தமையால் பெருங்குழப்பம் விளைந்தது என்பர். அதுவரை படைப்பிரிவுகள் தத்தமக்கு விருப்பமான பாண்டு மாஸ்டர்களை, பெரும்பாலும் அயல்நாட்டவரை, வாடகைக்கு அமர்த்தி வந்தன. இந்நிகழ்வின் பின்னர்க் கேம்பிரிட்ஜ் கோமகனின் முயற்சியால் 1857இல் இலண்டனுக்கு அருகே நெல்லர் ஹோல் என்னுமிடத்தில் இராணுவ இசைப்பள்ளி நிறுவப்பட்டது. 2021 வரை அது அங்கேயே இயங்கியது. வாசிக்கத் தெரிந்தவனுக்கு வாசிப்பிக்கத் தெரிந்திருக்கும் என்ற எண்ணத்தை அப்பேரரசு ஓர் அவமானத்தின் பின்னரே கைவிட்டது. அதன் குடியேற்ற நாடுகளின் பள்ளிகளுக்குப் பாண்டு இசை வந்தது. பாண்டு ஆசிரியரைப் பயிற்றும் அவ்வேற்பாடு அதே அளவில் உடன்வரவில்லை. சீருடையும் பறையும் வாங்குவது எளிது.

நம் நாட்டில் முயற்சிகளே இல்லை என்று கூறுதல் நேர்மையாகாது. 1978இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரி, ஆசிரியர் பலருக்கு அரங்கப் பயிற்சி அளித்தது. 1965இல் அருட்தந்தை நீ. மரியசேவியர் நிறுவிய திருமறைக் கலாமன்றம் கத்தோலிக்கக் கூத்து மரபைப் புது மேடைக்குக் கொணர்ந்தது. ஆனால் மன்னார்க் கரையில் 1990இல் மீண்டும் மூண்ட போர் மக்களை மடுவுக்கும் கடல்கடந்து தமிழகத்துக்கும் விரட்டியது. அவ்வாண்டு ஒற்றோபரில் தீவின் முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஒரு கூத்தைப் பழக்க ஒரே ஊர், ஒரே கூட்டம், பல இரவுகள் வேண்டும். முகாமில் இம்மூன்றும் இல்லை. ஏடு ஒன்றைப் பெட்டியில் எடுத்துச் செல்லலாம். பிற்பாட்டுக் கூட்டத்தை எடுத்துச் செல்ல இயலாது.

இன்று பாடசாலைகளில் கூத்தையும் பாண்டு இசையையும் பழக்கும் பொறுப்பு ஆசிரியர்களிடம், அவர்களுள்ளும் பெருமளவில் பெண் ஆசிரியர்களிடம், வந்து சேர்ந்துள்ளது. போட்டி நாள் குறிக்கப்படுகின்றது. முப்பது பிள்ளைகள் முன்னே நிற்கின்றனர். பாடவும் வாசிக்கவும் அறிந்த அவ்வாசிரியைக்கு, பின்வரிசையில் தாளம் பிந்தும் பிள்ளையை எவ்வாறு திருத்துவது, எப்போது நிறுத்துவது, எப்போது பிழையைக் காணாததுபோல விட்டுச் செல்வது என்பவற்றை எவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பழைய அண்ணாவி நெறியோ அவருக்கு ஒருபோதும் திறந்திருக்கவில்லை. ஆதலின் பழைய முறைக்குத் திரும்புவோம் என்னும் முழக்கம் அவருக்கு உதவாது.

ஆய்வாளர் ஒலிப்பதிவுக் கருவியுடன் அரங்கேற்ற இரவுக்கே செல்கின்றனர். அங்கே கிடைப்பது விளைபொருள். தொழில் நிகழும் இடம் பழக்கம் நடைபெறும் இரவுகள். அண்ணாவியார் ஓரடியை ஏழாம் முறை பாடிக்காட்டி, எட்டாம் முறை பாடாமல் தாளத்தை மட்டும் தட்டும் கணம். அக்கணங்களைப் பதிவுசெய்து, ஆசிரிய கலாசாலைகளிலும் கல்வியியற் கல்லூரிகளிலும் பாடமாக்கலாம். மன்னார்க் கரையில் இன்னும் பழக்கிக்கொண்டிருக்கும் அண்ணாவிமாரைப் பாடசாலைக்குப் பகல் வேளையில் ஊதியத்துடன் அழைத்து, சங்கீத ஆசிரியையை அவருக்கருகே பிற்பாட்டில் அமர்த்தி, ஒரு தவணை முடிவில் தாளத்தை அவர் கையில் கொடுக்கலாம். இதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. நேரசூசியில் வாரத்துக்கு இரு பாடவேளைகளும், அண்ணாவியாரின் போக்குவரத்துச் செலவும் போதும்.