கோடு நகர்ந்தபோது கேட்கப்படாதவர்கள்: தெற்கு அதிவேகப் பாதையின் ஒரு பழைய வழக்கு



நம் ஊர் வீதியை அகலமாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததிலிருந்து, ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும்போதெல்லாம் நமக்கு இரண்டே கேள்விகள்தான். எந்தப் பக்கம் உடைப்பார்கள்? பேர்ச்சுக்கு எவ்வளவு தருவார்கள்? இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்தக் கோட்டை வரைந்தவர்கள் யாரிடம் கேட்டுவிட்டு வரைந்தார்கள்? இதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு உயர் நீதிமன்றம் வரை நடந்தவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய வரலாறு நம்மில் பலருக்குத் தெரியாது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

தெற்கு அதிவேகப் பாதையைத் தெரியாதவர் நம்மில் யார்? 2011 நவம்பர் 27ஆம் திகதி கொட்டாவயிலிருந்து காலி பின்னதுவ வரை திறந்தார்கள். 2014 மார்ச்சில் அது மாத்தறை கொடகம வரை நீண்டது. அதற்கு முன் கொழும்புக்கு ஒரு கல்யாணம் என்றால் சுபஹு தொழுத கையோடு புறப்பட வேண்டும். பேருவளை, அளுத்கம, அம்பலாங்கொட, ஹிக்கடுவ என்று காலி வீதியில் ஒவ்வொரு நகரத்திலும் நெரிசல். நோயாளியை ஏற்றிக்கொண்டு போனவர்களுக்கு அந்த வீதியின் நீளம் நன்றாகவே தெரியும். இப்போது கொட்டாவயில் ஏறினால் காலிக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அதனால் அந்தப் பாதையே வந்திருக்கக் கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. அதில் நாமும்தான் போகிறோம். நாம் போகும் அந்தத் தார்ப்பாதைக்குக் கீழே யாருடைய வீட்டு முற்றம் இருந்தது, அவர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் எடுத்தார்களா என்பதே இங்கு விஷயம்.

முதலில் சட்டம். 1980இல் தேசிய சுற்றாடல் சட்டம் வந்தது. 1988இல் அதில் ஒரு திருத்தம் செய்து, பெரிய திட்டங்களுக்கு அனுமதி கொடுக்குமுன் அவற்றின் சுற்றாடல் பாதிப்பை ஆராய வேண்டும் என்று எழுதினார்கள். எந்தெந்தத் திட்டங்கள் என்ற பட்டியல் 1993 ஜூன் 24 வர்த்தமானியில் வெளியானது. 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தேசிய, மாகாண நெடுஞ்சாலைகள் அதில் உண்டு. 100 குடும்பங்களுக்கு மேல் இடம்பெயர்க்கும் திட்டங்களும் உண்டு. 4 ஹெக்டயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை மாற்றுவதும் உண்டு.

அந்தச் சட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்றால் ஒரு சின்ன ஏற்பாட்டில். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் ஒவ்வொரு பத்திரிகையிலும் அறிவித்தல் போட வேண்டும். அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் பொதுமக்கள் யாரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். சட்டத்தரணியாக இருக்கத் தேவையில்லை, காணிச் சொந்தக்காரராகக்கூட இருக்கத் தேவையில்லை. வந்த கருத்துகளுக்குத் திட்டத்தை முன்மொழிந்தவர் பதில் கொடுக்க வேண்டும். தேவையென்று கருதினால் அனுமதி வழங்கும் நிறுவனம் பகிரங்க விசாரணையும் நடத்தலாம்.

இனி தெற்கு அதிவேகப் பாதைக்கு வருவோம். 1990களிலேயே வீதி அபிவிருத்தி அதிகார சபை ஒரு கோடு வரைந்திருந்தது. பின்னர் அதோடு சேர்த்து வேறொரு கோடும் ஆராயப்பட்டது. மொரட்டுவைப் பல்கலைக்கழகம் மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரித்தது. மக்கள் கருத்துச் சொல்லும் காலமும் முடிந்தது. 1999 ஜூலையில் மத்திய சுற்றாடல் அதிகார சபை நிபந்தனைகளுடன் அனுமதி வழங்கியது. பொல்கொட பக்கத்து ஈரநிலங்களுக்குப் பாதிப்பு குறையும்படி பாதையை அமைக்க வேண்டும் என்பது அந்த நிபந்தனைகளில் ஒன்று. அதே ஆண்டு நவம்பரில் ஆசிய அபிவிருத்தி வங்கி 90 மில்லியன் டொலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. கொட்டாவயிலிருந்து குருந்துகஹஹெதெக்ம வரையான பகுதிக்கு ஜப்பானின் கடன், அதற்கப்பால் மாத்தறை வரை ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன்.

இதற்குப் பிறகுதான் இறுதிக் கோடு வந்தது. களுத்துறை மாவட்டத்தில் பண்டாரகமவிலும், காலி மாவட்டத்தில் அக்மீமனவிலும் சில இடங்களில் அது முன்பு ஆராயப்பட்ட இரண்டு கோடுகளிலும் இல்லை. விலகி வேறு காணிகளுக்குள்ளால் போனது.

அந்தக் காணிக்காரர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பத்திரிகையில் அறிவித்தல் வந்தபோது அது பக்கத்து ஊர்க்காரரின் பிரச்சினை. பாதை இவர்களுடைய வளவுக்குள் வரவில்லை, எனவே அறிக்கையைத் தேடிப்போய் வாசிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. 30 நாட்கள் ஓடிப்போயின. அனுமதியும் கிடைத்துவிட்டது. அதன் பிறகு நில அளவையாளர்கள் வந்து இவர்களுடைய வளவில் கட்டை அடிக்கிறார்கள். பரீட்சைக்கே அழைக்கப்படாத பிள்ளையிடம் பெறுபேறு வந்த பிறகு "நீ சித்தியடையவில்லை" என்று சொல்வது மாதிரிதான் இது. ஆசிரியர்களாகிய எங்களுக்கு வேறு உதாரணம் தோன்றவில்லை.

அதிகாரிகள் பக்கத்தில் ஒரு பதில் இருந்தது. ஈரநிலத்தைக் காப்பாற்றச் சொன்னது சுற்றாடல் அதிகார சபை, அந்த நிபந்தனையின்படிதான் கோடு நகர்ந்தது என்றார்கள். இதைப் பொய்ச் சாட்டு என்று ஒரேயடியாகத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. ஈரநிலம் மூடப்பட்டால் மழைத் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகும் என்பதை ஒவ்வொரு மே மாதமும் களுத்துறை மாவட்டத்து மக்கள் காண்கிறார்கள். ஆனால் ஈரநிலத்தைக் காப்பாற்ற ஒரு குடும்பத்தின் வீட்டை எடுக்கத்தான் வேண்டுமென்றால், அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டு அதைச் சொல்ல வேண்டாமா? அவர்களுக்கு வேறு யோசனை ஒன்று இருந்திருக்கலாம். அந்த மண்ணில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று மூன்று தலைமுறையாகப் பார்த்தவர்கள் அவர்கள்.

வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. ஓய்வுபெற்ற நீதிபதிகள் மூவரைக் கொண்ட ஒரு குழுவையும் அந்த நீதிமன்றம் நியமித்தது. எனினும் 2003இல் மனுக்கள் தள்ளுபடியாயின. காணிக்காரர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2004 ஜனவரி 20ஆம் திகதி நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தீர்ப்பெழுதினார். அவர் ஓய்வுபெறும் தறுவாயில் எழுதிய தீர்ப்புகளில் ஒன்று அது.

அந்தத் தீர்ப்பின் சாரம் இதுதான். அனுமதி பெற்ற திட்டத்தில் மாற்றம் செய்தால் அதை அறிவித்து, தேவையான இடத்தில் புதிதாக அனுமதி பெற வேண்டும் என்று சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. இறுதிக் கோடு அப்படியான ஒரு மாற்றம். அதனால் புதிதாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அறிவித்து அவர்களைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது இயற்கை நீதிக்கும், சட்டத்தின் முன் யாவரும் சமம் என்ற அரசியலமைப்பின் 12(1) உறுப்புரைக்கும் முரணானது. மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருக்கும் அதிகாரத்தை அரச நிறுவனங்கள் நினைத்தபடி பாவிக்க முடியாது.

காணிக்காரர்கள் வென்றார்கள். ஆனால் பாதையை நிறுத்தும்படியோ பழைய கோட்டுக்குத் திருப்பும்படியோ நீதிமன்றம் சொல்லவில்லை. நாட்டின் பொது நன்மையை ஒரு தட்டிலும் இவர்களின் உரிமையை மறு தட்டிலும் வைத்துப் பார்த்து, உரிமை மீறப்பட்டதற்காக நட்டஈடு கொடுக்கும்படி உத்தரவிட்டது. இதைச் சட்டம் படிப்பவர்கள் பெரிய வெற்றியாகப் பேசுகிறார்கள். சட்டத்தைப் பொறுத்தவரை அது சரிதான். வீட்டைப் பொறுத்தவரை, தோற்றவரின் வீட்டுக்கு மேலும் வென்றவரின் வீட்டுக்கு மேலும் ஒரே பாதைதான் போகிறது. நேரம் கடந்து கிடைக்கும் நீதிக்கு உள்ள எல்லை அவ்வளவுதான் என்று நாம் நினைக்கிறோம்.

கதை அதோடு முடியவில்லை. கடன் கொடுத்தவனிடமே கேட்போம் என்று பாதிக்கப்பட்ட மக்கள் 2004 டிசம்பரில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் இணக்க மீளாய்வுக் குழுவிடம் முறைப்பட்டார்கள். அந்தக் குழு புதிதாக அமைக்கப்பட்ட பின் அதன் முன் வந்த முதல் முறைப்பாடே நம் நாட்டுடையது. 2005 ஜூலையில் வந்த அறிக்கை, வங்கி தன்னுடைய சொந்தக் கொள்கைகளையே சில விடயங்களில் கடைப்பிடிக்கவில்லை என்று சொன்னது. நம்மூர்க் கச்சேரியில் கிடைத்திருக்க வேண்டிய ஒரு பதிலுக்காக மணிலாவுக்கு எழுத வேண்டி வந்தது!

இந்தப் போராட்டங்களால் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னால் அது பிழை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எடுக்கப்பட்ட அந்தப் பாதையில்தான் காணி சுவீகரிப்பு மற்றும் மீள்குடியேற்றக் குழுக்கள் வந்தன. உரிமையாளர் நேரில் போய் உட்கார்ந்து விலை பேச முடிந்தது. 2001இல் அமைச்சரவை, விருப்பமின்றி இடம்பெயர்க்கப்படுவோருக்கான தேசிய மீள்குடியேற்றக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. இன்று யாருக்காவது காணிக்கு ஓரளவு நல்ல விலை கிடைக்கிறதென்றால், அதன் பின்னால் இப்படிப் பலர் ஏறி இறங்கிய படிகள் இருக்கின்றன.

உமர் (ரழி) அவர்களின் காலத்தில் மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்க அப்பாஸ் (ரழி) அவர்களின் வீடு தேவைப்பட்ட சம்பவத்தை நாம் பயானில் கேட்டிருக்கிறோம். கலீபா கேட்டார், அப்பாஸ் மறுத்தார். இருவரும் உபை இப்னு கஃப் (ரழி) அவர்களிடம் வழக்குக்குப் போனார்கள். தீர்ப்பு வீட்டுக்காரருக்குச் சாதகமாக வந்தது. அதன் பிறகு அப்பாஸ் அவர்கள் தாமாகவே வீட்டை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள் என்று வரலாற்று நூல்களில் அறிவிக்கப்படுகிறது. பெரும்பாலும் அவர் கொடுத்த கொடையைத்தான் நமக்கு எடுத்துச் சொல்வார்கள். ஆட்சியாளர் வழக்காடப் போய் உட்கார்ந்ததையும், பள்ளிவாசலுக்காக என்றாலும் கேட்காமல் எடுக்க முடியாது என்று தீர்ப்பு வந்ததையும் வேகமாகக் கடந்துவிடுவார்கள்.

இப்போது நம் வீதி. சில விஷயங்களை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அகலமாக்கும் தூரம் 10 கிலோமீற்றரைத் தாண்டாவிட்டால் நெடுஞ்சாலை என்ற வகையில் அது பட்டியலுக்குள் வராது. அப்போது எத்தனை குடும்பங்கள் எழும்ப வேண்டி வரும், எவ்வளவு வயலும் சதுப்பும் நிரப்பப்படும் என்ற மற்ற வகைகளைப் பார்க்க வேண்டும். குடும்பக் கணக்கை அவர்கள் எடுக்குமுன் நாமே எடுத்து வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, முழு மதிப்பீடு இல்லாமல் ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை மட்டும் என்றால், 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 30 நாள் கருத்துக் காலம் கிடையாது. அறிக்கையைப் போய்ப் பார்க்கலாம், அவ்வளவுதான். எனவே எந்த அறிக்கை கேட்கப்படுகிறது என்பதே முதல் சண்டை.

காணி எடுப்பது தனிச் சட்டம். 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38ஆம் பிரிவில் அவசரம் என்ற காரணம் காட்டி, நட்டஈடு தீருமுன்பே காணியைக் கையேற்க இடமிருக்கிறது. தெற்கு அதிவேகப் பாதைக்கும் அது பாவிக்கப்பட்டது. நம் ஊரில் பாதிப் பேருடைய உறுதி இன்னும் மூத்த வாப்பாவின் பெயரில்தான் இருக்கிறது. பங்கு பிரிக்கவில்லை, கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற சகோதரர்களின் கையெழுத்தும் இல்லை. விலை பேசும் மேசைக்கு அப்படிப் போனால் பணம் வருடக்கணக்கில் தேங்கும். வீதியோரத்து வக்பு கடைகளின் பத்திரங்களையும் மையவாடி எல்லைச் சுவரின் வரைபடத்தையும் நம்பிக்கையாளர் சபை இப்போதே தேடி எடுக்கட்டும்.

கோடு ஒருமுறை வரையப்பட்டால் அதுவே கடைசி என்று நினைத்துவிட வேண்டாம். "எங்கள் பக்கம் இல்லையாம்" என்று இன்று நிம்மதியாக இருப்பவரும் அறிக்கையை வாசிக்கத்தான் வேண்டும். பண்டாரகமவிலும் அக்மீமனவிலும் அப்படி இருந்தவர்களின் வளவுக்குள்தான் கோடு நகர்ந்து வந்தது.

அறிவித்தல் பத்திரிகையில் வந்தால் பிரதேச செயலகத்தில் அறிக்கையைப் பார்த்து, தேவையான பக்கங்களைப் பிரதி எடுத்து வருவதை ஆசிரியர்கள் நாங்கள் பொறுப்பேற்கிறோம். மஃரிபுக்குப் பிறகு மத்ரஸா மண்டபத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக வாசிப்போம். எழுதத் தெரியாத தாய்மார் சொன்னால் நாங்கள் எழுதித் தருகிறோம். 30 நாள் என்பது நான்கு ஜும்ஆ, மிஞ்சினால் ஐந்து.